முதல் தண்ணீர்: தோட்டப்புறத் தமிழர் அடுக்களையில் மரவள்ளிக்கிழங்கு

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பலிலிருந்து தொடங்கிக் கூலிப் பதிவேட்டின் வழியே தொழிற்சங்கத்தை வந்தடைவர். கெர்னியல் சிங் சாந்து 1969இல் வெளியிட்ட நூலும், சின்னப்பா அரசரத்தினம் 1970இல் வெளியிட்ட நூலும் இத்துறையில் அடியெடுத்து வைப்போர்க்கு இன்றும் முதற்படிகளாக உள்ளன. குடிபெயர்வு, கூலி, குடியிருப்பு, அரசியல் ஆகியவை பற்றி அவற்றிலிருந்து நிறையக் கற்கலாம். ஆயினும், தோட்டத்து வீட்டின் பின்கட்டிற்குச் சென்று அடுப்படியில் யார் நின்றார் என்று கேட்போர்க்கு அவை பெரிதும் துணைசெய்வதில்லை. அதனைக் குறையாகக் கூறவில்லை. அவர்கள் கையிலிருந்த ஆவணங்கள் வேறு. நாம் தேடும் ஆவணங்கள் வேறு.

இக்கட்டுரை மரவள்ளிக்கிழங்கு என்னும் ஒரே உணவுப் பொருளை முன்வைத்து ஒரு வினாவிற்கு விடை தேட முற்படுகிறது. ஜப்பானியர் ஆட்சியில் அதனை உண்டு உயிர் தரித்த தலைமுறையினருள் சிலர் பின்னாளில் அதனைத் தொடவும் விரும்பியதில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கோ அது விருப்ப உணவு. மழை பெய்யும் மாலை நேரங்களில் மனம் நாடும் உணவு. ஒரு தலைமுறையின் வெறுப்பு மற்றொரு தலைமுறையின் விருப்பமானது எவ்வாறு? சுவை மரபுவழி வருவது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே மரபுவழி வந்திருக்க வேண்டியது வெறுப்பே அன்றோ?

விடியலுக்கு முன் ஒரு சமையல்

1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் தோட்டத் தொழிலாளர்க்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆடவர்க்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு. பொருளாதார மந்தத்தின்போது இது குறைக்கப்பட்டதும், வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1936இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து 1937இல் அளித்த அறிக்கையில் கூலி முதன்மையான இடம் பெற்றதும் நாம் அறிந்தவையே. கணவனும் மனைவியும் ஒருங்கே உழைத்தால்தான் குடும்பம் நடக்கும் என்பதை இக்கூலியே தீர்மானித்தது. அடுக்களையின் வரலாறும் இங்குதான் தொடங்குகிறது.

ரப்பர் மரத்தில் வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும். எனவே, கிழக்கு வெளுக்குமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். முதல் வெளிச்சத்தில் மரத்தில் கத்தி வைக்க வேண்டும். தாய் நான்கு மணிக்கு எழுந்து, விறகு மூட்டி, சோறு வடித்து, கோப்பி கலக்கி வைத்துவிட்டுப் புறப்படுவாள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குச் செல்லும். பால் எடுத்து, நிறுத்துவிட்டு அவள் வீடு திரும்பப் பகல் ஏறிவிடும். இடைப்பட்ட நேரத்தில் வீட்டிலிருப்பவள் மூத்த பெண். எட்டு அல்லது ஒன்பது வயதினள். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும், பசியாற வைப்பதும், பகற்குழம்பை அடுப்பில் ஏற்றுவதும் அவள் பொறுப்பு. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டியிருந்தது. பள்ளி இருந்தது, ஆனால் அடுப்பும் இருந்தது. இரண்டில் எது மூத்த பெண்ணை வென்றது என்பதைப் பழைய தலைமுறைப் பாட்டிமாரிடம் எத்தனையாம் வகுப்புவரை படித்தார்கள் என்று கேட்டால் தெரிந்துகொள்ளலாம்.

குழந்தைகளுக்குச் சமையல் கற்பித்தல் என்பதை இன்று நாம் அன்பின் வெளிப்பாடாகவும் ஓய்வுநேர மகிழ்ச்சியாகவும் எண்ணுகிறோம். தோட்டத்தில் அது தொழில் ஏற்பாட்டின் ஒரு பகுதி. தாயின் 40 காசு மகளின் கூலியில்லா உழைப்பின்மேல் நின்றது. கற்பித்தல் என்று கூடச் சொல்ல இயலாது. பொறுப்பை ஒப்படைத்துச் சென்றுவிடுதல் என்பதே பொருந்தும். அளவுகள் யாவும் கையிலும் கண்ணிலும் இருந்தன. காலியான பால் டின் அரிசிக்கு அளவு. உலைநீருக்கு விரற்கணு அளவு. மிளகாய் வறுபடும் மணம் மூக்கில் ஏறும் கணமே அதனை இறக்கும் கணம். எஸ். மீனாட்சி அம்மாள் சென்னையில் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டது 1951இல். மேற்பார்த்துச் சொல்லித்தர மூத்தோர் அருகில் இல்லாத பெண்களுக்கு அந்நூல் துணைநின்றது. தோட்டத்துச் சிறுமிக்கும் பகலில் மூத்தோர் அருகிலில்லை, நூலும் இல்லை.

இலை உதிர்ந்தபோது

நெல் விளையாத இடத்தில் பொங்கல் கொண்டாடியவர்கள் நம் முன்னோர். தை முதல்நாள் புதுப்பானையில் பொங்கியது பர்மாவிலிருந்தோ சயாமிலிருந்தோ மூட்டையாக வந்த அரிசி. தமிழகத்தின் பருவச் சுழற்சி உழவை ஒட்டியது. தோட்டத்தின் பருவச் சுழற்சி ரப்பர் மரத்தை ஒட்டியது. இவ்விரண்டும் பொருந்தாமல் உரசிய இடங்களில்தான் தோட்டத்து உணவு நினைவுகள் பல உருவாயின என்று கருதலாம்.

தீபாவளியையே எடுத்துக்கொள்வோம். மேற்குக் கரை மாநிலங்களில் அக்டோபரும் நவம்பரும் கனமழை மாதங்கள். மரம் நனைந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டினாலும் மங்கில் மழைநீரே நிறையும். வருவாய் சுருங்கும் வேளையில் ஆண்டின் பெருஞ்செலவு வந்து நிற்கும். ஆகவே, அரிசி ஊறவைத்து இடிப்பதும், மாவு வறுப்பதும், முறுக்குப் பிழிவதும் தனித்தனி வீட்டின் வேலையாக இராமல் வரிசை வீடுகளின் கூட்டு வேலையாக நிகழ்ந்தன. அச்சை அழுத்தும் வேலை வளர்ந்த பிள்ளைகளுக்கு. எண்ணெய்ச் சட்டியின் பக்கம் போகக்கூடாது என்ற எச்சரிக்கை சிறியவர்களுக்கு. சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிக் கூறு போட்டுக்கொள்ளும். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் இட்டலியோடு உண்ட ஆட்டுக்கறிக் குழம்பு, தோட்டத்தில் பிறந்த எவர்க்கும் மறப்பதில்லை. அதன் சுவைக்குக் காரணம் ஆண்டு முழுவதும் நெத்திலியும் கருவாடும் உண்ட நாக்கு என்று சொன்னால் நம் உறவினர் சிலர் கோபிக்கக்கூடும்.

கடைக்கடன் தீருமுன்னே பிப்ரவரி வந்துவிடும். ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலம். செம்மஞ்சள் நிறமாகிக் காடே உதிர்ந்து நிற்பதைப் பிள்ளைகள் அழகாகக் கண்டனர். பெற்றோர் அவ்வாறு கண்டிருக்க மாட்டார்கள். புதுத்தளிர் முற்றும்வரை பால் குறையும். அம்மாதங்களில் வீட்டின் பின்புறத்து முருங்கைக்கீரையும், ஆற்றோரத்தில் பறித்த பாக்கு எனப்படும் பெரணித்தளிரும், பாத்தியில் வெட்டியெடுத்த மரவள்ளிக்கிழங்கும் அடுப்பேறும். மரவள்ளி இந்நாட்டிற்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்காவில் சீனர்கள் அதனைப் பெருந்தோட்டங்களாகவே பயிரிட்டனர். திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து வந்த மலையாளத் தொழிலாளர்க்கு அது தாய்நிலத்து உணவு. தமிழர் வீடுகளில் போருக்கு முன்பு அதன் இடம் பஞ்சகாலத் துணை என்ற அளவிலேயே இருந்தது. சோற்றின் அருகில் வைக்கப்பட்டதேயன்றிச் சோற்றின் இடத்தில் வைக்கப்படவில்லை.

சோற்றின் இடத்தில்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. தனக்குத் தேவையான அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து பெற்றுவந்த நாடு மலாயா. கப்பல்கள் நின்றன, இருந்தவையும் போருக்குச் சென்றன. ஆக்கிரமிப்பின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் பங்கீட்டு அரிசி மாதத்திற்கு ஆடவர்க்கு 8 கட்டி, பெண்டிர்க்கு 6 கட்டி, சிறார்க்கு 4 கட்டி என்ற அளவிற்கு இறங்கியது. ஒரு கட்டி என்பது 600 கிராமுக்குச் சற்றே மிகுதி. நகரத்தின் நிலை இது. ஜப்பானியர்க்கு மலாயாவின் ரப்பர் முழுவதும் தேவைப்படாததால் பல தோட்டங்களில் வெட்டு நின்று, கூலியும் நின்றது. இக்காலத்தின் சமூக, பொருளாதார வரலாற்றை விரிவாக எழுதியவர் பால் கிராட்டோஸ்கா. 1998இல் வெளிவந்த அவருடைய நூல் உணவுப் பற்றாக்குறையைப் போர்க்களத்திற்கு இணையான முதன்மையோடு நோக்குகிறது.

அந்நாள்களில் தோட்டத்து ஆடவர் பலர் சயாம் - பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. சென்றவருள் பல்லாயிரவர் திரும்பவில்லை. வீட்டில் எஞ்சியோர் பெண்டிரும் பிள்ளைகளும். அவர்கள் கையில் எஞ்சியது மரவள்ளி.

ஏன் மரவள்ளி? குச்சியை ஒடித்து நட்டால் போதும். வளமற்ற மண்ணிலும் வளரும். ஏறக்குறைய ஓராண்டிற்குள் கிழங்கு முற்றும். முற்றியபின்னும் வேண்டும்வரை மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கலாம். களஞ்சியம் இல்லாதோர்க்கு மண்ணே களஞ்சியம். ஆயினும், அது வயிற்றை நிரப்பும் அளவிற்கு உடலை வளர்ப்பதில்லை. புரதம் மிகக் குறைவு. அரிசியும் பருப்பும் மீனும் இன்றி அதனையே நாளும் உண்டோர் வீங்கிய கால்களோடும் ஆறாத புண்களோடும் நடந்ததை அக்காலத்தைக் கண்டோர் கூறக் கேட்டிருக்கிறோம்.

மரவள்ளியில் வேறோர் இடரும் உண்டு. அதன் கிழங்கில் சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள்கள் உள்ளன. இனிப்பு வகைகளில் அவை குறைவு. கசப்பு வகைகளில் மிகுதி. தோலை நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, நீரில் ஊறவைத்து, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கலாகாது என்ற நம்பிக்கை இலங்கையில் இன்றும் வலுவாக உண்டு. அஞ்சி உண்ண வேண்டிய உணவு இது என்ற பழைய அறிவின் எச்சமாக அதனைக் கொள்ளலாம். உணவில் புரதம் குறைந்தவர்க்கு இந்நஞ்சை முறிக்கும் ஆற்றலும் உடலில் குறைந்துவிடும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அதாவது, எவர் இதனை மிகுதியாக உண்ண நேர்ந்ததோ அவரையே இது மிகுதியாகத் தாக்கும்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சுட்டிச் செல்வோம். போருக்கு முன் தமிழகம் சவ்வரிசியை மலாயா, சிங்கப்பூர் முதலிய இடங்களிலிருந்து பெற்றுவந்தது. போரினால் அவ்வரவு நின்றபோது, 1943ஐ ஒட்டிச் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் பிறந்தது. ஒரே போர், ஒரே கிழங்கு. அங்கே அது தொழிலாயிற்று, இங்கே அது பட்டினியின் பெயராயிற்று.

நாக்கைக் கடன் கொடுத்தல்

இனி நம் வினாவிற்கு வருவோம். இதற்கு அச்சிட்ட ஆவணம் இல்லாமையால் எம் வீட்டையே சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது. வரலாற்று மாணவர்க்குத் தம் வீட்டைச் சான்றாகக் காட்டாதீர்கள் என்று வகுப்பில் நாமே கூறிவருகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

எம் பாட்டியார் பேராக் மாநிலத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஜப்பானியர் வந்தபோது அவருக்குப் பதினொரு வயது. எம் பெற்றோர் இருவரும் பால்வெட்டுக்குச் சென்றுவந்த 1980களின் பிற்பகுதியில், வீட்டில் பெண்பிள்ளை இல்லாமையால், மூத்தவர் என்ற முறையில் நமக்கு அவர் சமையல் கற்பித்தார். அவர் மரவள்ளிக்கிழங்கை உண்டு நாம் பார்த்ததில்லை. ஆனால் அவர் செய்த கிழங்கைப் போன்று தோட்டத்தில் எவரும் செய்ததில்லை என்பது அயலார் பலரின் கருத்து. வெந்த கிழங்கைத் தேங்காயெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், சிறு வெங்காயம், கறிவேப்பிலை இட்டுத் தாளித்து, இறக்கும்போது தேங்காய்த்துருவல் தூவுவார். தனித்தட்டில் நெத்திலிச் சம்பல் இருக்கும். இது மலாய் அண்டைவீட்டாரிடமிருந்து வந்தது. அவர்கள் அவித்த கிழங்கோடு சம்பலைத் தொட்டுண்பர்.

உண்ணாத ஒருவர் உப்பு அளவை அறிவது எப்படி? அவர் அறியவில்லை, நம்மிடம் கேட்டார். ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து ஊதி நம் வாயில் இட்டு, "உப்புப் பாரு, காரம் பாரு" என்பார். போதாது என்றால் சேர்ப்பார். மறுமுறை, "எவ்வளவு போடணும், நீயே போடு" என்பார். நாம் சமையல் கற்ற முறை இதுவே. அவருடைய நாக்கு மறுத்துவிட்ட இடத்தில் நம்முடைய நாக்கை அவர் கடனாகப் பெற்றார். அந்தக் கிழங்கின் சுவை, ஆராய்ந்து பார்த்தால், அவருடைய சுவையே அன்று. ஒன்பது வயதுப் பிள்ளையின் விருப்பத்திற்கு ஏற்பத் தாளித்துத் தாளித்து உருவான சுவை அது.

வெறுப்பு விருப்பமாகிய வழி இதுதான் என்பது நம் துணிபு. போர்க்காலத்தில் கிழங்கு இருந்தது. எண்ணெயும் உப்பும் மிளகாயும் மீனும் அரியவாயின. போருக்குப்பின் அரிசி மீண்டும் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, கிழங்கு மாலைச் சிற்றுண்டியாயிற்று. வேண்டுமானால் உண்ணலாம், வேண்டாமானால் விடலாம் என்ற நிலையில்தான் ஓர் உணவு விருப்ப உணவாக முடியும். இவை பொதுக் காரணங்கள். ஆனால் பொதுக் காரணங்கள் மட்டும் ஒரு தட்டுக் கிழங்கைச் சமைப்பதில்லை. வெறுத்தவரே சமைத்தார், பிள்ளை சுவை பார்த்தது, அடுத்த முறை பிள்ளையே சமைத்தது. தம் வெறுப்பைப் பிள்ளைக்குக் கற்பிக்காமலிருக்க ஒருவர் நாள்தோறும் எடுத்த முயற்சியை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

ஒன்றில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. கிழங்கு வேகும்போது அடுக்களை வாசலில் வந்து நின்று, "மொதத் தண்ணிய ஊத்திட்டியா?" என்று கேட்பார். ஊற்றிவிட்டேன் என்றால் நம்பமாட்டார். வடிகாலில் வெண்ணீர் ஓடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே திரும்புவார். முனைவர் பட்ட ஆய்விற்காக இலண்டனில் தங்கியிருந்தபோது ஆப்பிரிக்கர் கடைகளில் மரவள்ளி கிடைத்தது. அங்கே நாம் வாங்கியது உறைய வைத்த கிழங்கு. முதல் தண்ணீரைக் கொட்டியபின் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். பாட்டியார் 2003இலேயே காலமாகியிருந்தார்.

2011இல் அவருடைய தங்கையாரிடம், சின்னப்பாட்டி என்று நாம் அழைப்பவரிடம், இதைப்பற்றிக் கேட்டோம். தந்தையார் சயாமுக்குப் போனபின் தாயார் வெளிவேலைக்குச் சென்றார். சமையல் பாட்டியார் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. ஒருநாள் வழக்கமான பாத்தியில் கிழங்கு தீர்ந்துபோகவே, காட்டோரத்திலிருந்து எவரோ கொணர்ந்த கிழங்கை அவித்தார். வடித்த நீர் கஞ்சிபோல் கொழகொழவென்று இருந்தது. பசித்த வீட்டில் அதைக் கொட்ட மனம் வரவில்லை. உப்பில்லாமலேயே எல்லாரும் குடித்தனர். இரவில் எல்லாருக்கும் வாந்தி. ஐந்து வயதுத் தம்பி விடியுமுன் இறந்துவிட்டான். "அக்கா அதுக்கப்புறம் அதை வாயில வச்சதில்லை" என்றார் சின்னப்பாட்டி. தம்பியின் பெயரைக் கேட்டோம், சொன்னார்.

வரலாற்று ஆய்வாளர் என்ற முறையில் சில எச்சரிக்கைகளைப் பதிவு செய்தாக வேண்டும். இது ஒருவர் கூற்று. நிகழ்ந்து அறுபதாண்டுக்கு மேற்பட்டபின் கூறப்பட்டது. கூறியவர் அன்று எட்டு வயதுச் சிறுமி. அச்சிறுவன் கிழங்கினால் இறந்தானா, நெடுநாள் பட்டினியால் இறந்தானா, அன்றைய நிலையில் பரவியிருந்த நோய்களுள் ஒன்றால் இறந்தானா என்று நம்மால் உறுதியாகக் கூற இயலாது. மூன்றும் ஒரே உடலில் கூடியிருக்கலாம். ஆனால் பாட்டியார் எதை நம்பினார் என்பதில் ஐயமில்லை. வடிகாலைப் பார்க்க வந்த அவர் காலடிகளை நாமே எண்ணியிருக்கிறோம்.

தோட்டம் இன்று இல்லை. வீடுகளை இடித்து நிலத்தைச் செம்பனைக்கு மாற்றிவிட்டனர். நாம் குடியிருக்கும் அடுக்குமாடியில் பேரங்காடிக் கிழங்கு தோல் நீக்கி, துண்டாக்கி, உறைய வைத்துக் கிடைக்கிறது. எம் மகளுக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறையில் சமைக்க விரும்புகிறாள். சென்ற மாதம் கிழங்கைத் தாளிக்கக் கற்றுக்கொண்டாள். மிளகாயைக் குறைத்துவிட்டாள், தேங்காய்த்துருவலோடு சிறிது சருக்கரையும் சேர்த்தாள், நமக்கு அது பிடிக்கவில்லை, சொல்லவில்லை. முதல் தண்ணீரை ஏன் கொட்ட வேண்டும் என்று கேட்டாள். நஞ்சு இருக்கும் என்றோம். அது போதுமான விடை என்பது எம் மனைவியாரின் கருத்து. தம்பியின் பெயரையும் சொல்லியிருக்க வேண்டும் என்பது நம் கருத்து. இன்னும் பேசி முடிக்கவில்லை.